ரேடியோ நெல்

கோவையில் 1982ஆம் ஆண்டு பாரதியார் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. இந்நகரில் ஒலிபரப்பு இதழியலை முதுகலை நிலையில் பயிலும் மாணவர்க்கு நான் முதலில் எடுத்துரைப்பது, நேயர்களே, ஒரு நெல்லின் வரலாற்றையே.

1939இல் தோன்றியது திருச்சி வானொலி நிலையம். 1966இல் அங்கே தொடங்கிய பண்ணை இல்லப் பிரிவு, ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றித் தஞ்சை உழவர்க்கு விடாது எடுத்துக் கூறிற்று. உழவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’! விளைவித்த அறிஞரின் பெயரன்று, சேதி சொன்ன பெட்டியின் பெயர்.

அந்த நம்பிக்கை எளிதில் வருவதன்று. ஏட்டைப் படிப்பவர் பக்கத்தைப் புரட்டி மீண்டும் பார்க்கலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. உரத்தின் அளவைத் தவறாகக் கேட்டால் ஒரு போகமே பாழ். ஆகவே, ‘எக்டேருக்கு’ என்று எழுதிவரும் மாணவரிடம், பொள்ளாச்சிச் சந்தையில் நிற்பவர் இதை எப்படிக் கேட்பார் என்பேன். மறுநாள் அது ‘ஏக்கருக்கு’ என்று மாறி வரும்.