படிவத்தில் ஏறாத சாலை

திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையை அழித்தழித்து எழுதப்பட்ட ஒரு பிரதியாகவே நான் வாசிக்கிறேன். கருங்குளம் தாண்டினால் பஸ்ஸிலிருந்தே ஆதிச்சநல்லூர்ப் பறம்பு தெரியும். 114 ஏக்கர். 1876இல் ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் அலெக்ஸாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. அந்த அறிக்கையை வெளியில் கொண்டுவர நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மண்ணுக்குள் கிடந்ததைவிடக் கோப்புக்குள் கிடந்ததை எடுப்பதுதான் பெரும்பாடு!

பறம்புக்குக் காவல் அது பட்டியலில் இருப்பதுதான். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மத்திய அரசின் பொதுப்பணிகளுக்காக இதைத் தளர்த்தும் மசோதாவை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது.

சரி, பட்டியலில் இல்லாததற்கு? ஆற்றுக்கு வடக்கே சிவகளை. அதன் தொன்மையை வெளியே சொன்னவர் உள்ளூர் ஆசிரியர் ஒருவர். அங்கே தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அரசு அறிவித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அந்த மேட்டை வெட்டிச் சாலை போட்டிருந்தால் கேட்க நாதி இல்லை.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைகள் நகரங்களின் பழைய பகுதிகளைத் தின்று தீர்த்த பிறகு, 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 106ஆம் பிரிவு, பட்டியலில் இருப்பதை மட்டுமல்லாமல், பட்டியலுக்குத் தகுதியானதையும் வேலை தொடங்குமுன் தேடிக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அது இடிப்பைத் தடுத்துவிடாது. தெரியாமல் இடித்தோம் என்று சொல்ல விடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டின் தொல்சின்னச் சட்டமும் அதே 1966தான். அது அறிவிக்கப்பட்டதைக் காக்கிறது. அறிவிக்கப்படாததைத் தேடு என்று சாலைத்துறையைப் பார்த்துச் சொல்வதில்லை.

ஆனால் தேடப் போகிறவர் கண்ணுக்கு எது சின்னமாகத் தெரியும் என்பதே என் கவலை. ஆழ்வார்திருநகரியில் ஆதிநாதர் கோயிலும் உறங்காப்புளியும் எந்தப் பட்டியலிலும் ஏறிவிடும்; கல்வெட்டும் புராணமும் சாட்சிக்கு நிற்கின்றன. வைகாசியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் கருடசேவைக்கு வந்துசேரும் வழிகள் ஏறுமா? பிள்ளையைச் சுமந்தபடியே செத்துப்போன பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கல்? தென்மாவட்டச் சாலையோரங்களில் அவை சாய்ந்தும் புதைந்தும் கிடக்கின்றன. இறக்கி வைக்கச் சுமையோடு நடந்து வருபவர் இல்லாததால், பொறியாளருக்கு அவை இடைஞ்சல்.

சுடலைமாடன் பீடத்தின் கதி இன்னும் மோசம். சாலைக் கணக்கில் அதன் பெயர் 'ஆக்கிரமிப்பு'. பொது இடங்களில் அனுமதியின்றி உள்ள வழிபாட்டிடங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கும்படி 2009இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. பரிசீலனை என்று வந்தால் காகிதம் கேட்பாங்க. கொடைக்குக் கொடை பூசி வெள்ளையடிக்கிற பீடம் எப்பவும் புதுசாத்தான் தெரியும். அது எப்போது, யாருடைய சாவுக்குப் பிறகு நிலையம் கொண்டது என்பதைக் கேட்டால் வில்லுப்பாட்டுக்காரர் விடியவிடியச் சொல்வார். அளவு நாடாவோடு வருகிறவர் பகல் பதினொரு மணிக்கு வருகிறார்; சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்.