பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளின் இணைதேடல்: ஆய்வு வரலாறு

அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. வெயிலில் பறக்கும் இனங்களும் உண்டு. இவை வண்ணத்துப்பூச்சிகளைப் போலக் கண்ணால் பார்த்தே இணையைத் தேடுகின்றன என்று எண்ணத் தோன்றும். ஆனால் பல இனங்களில் ஆணைப் பெண்ணிடம் அழைத்து வருவது மணமே. இந்த உண்மை படிப்படியாகவே வெளிப்பட்டது.

ஃபாப்ரின் சோதனை

பிரான்சின் செரிஞான் ஊரில் வாழ்ந்த பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் (1823–1915), ஓக் எக்கர் என்னும் பழுப்பு நிற அந்துப்பூச்சியை ஆராய்ந்தார். இதன் ஆண் பகலில் பறக்கும். பெண் பூச்சியை ஒரு கம்பிவலைக் கூண்டில் மணல்மீது வைத்திருந்தார். பிற்பகலில் ஆண்கள் கூட்டமாக வந்தன. பின்னர் பெண்ணைக் கண்ணாடி மூடிக்குள் மாற்றிச் சன்னல் அருகே வைத்தார். வந்த ஆண்கள், கண்ணுக்குத் தெரிந்த பெண்ணைப் பொருட்படுத்தாமல், அது முன்பு தங்கியிருந்த வெறுங்கூண்டையே சுற்றின. பெண் விட்டுச்சென்ற மணமே அவற்றை ஈர்த்தது என்பது இதனால் புலப்பட்டது.

மணத்தின் வேதியியல்

அந்த மணம் எந்தப் பொருள் என்பதை அறியப் பல பத்தாண்டுகள் ஆயின. செருமானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட் குழுவினர், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து பாம்பிக்கால் என்னும் இனக்கவர்ச்சிப் பொருளைப் பிரித்தெடுத்து 1959இல் அறிவித்தனர். இத்தகைய பொருட்களுக்குப் ‘பெரோமோன்’ என்ற பெயர் முன்மொழியப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

கண்ணாடிச் சிறகுப் பூச்சிகள்

கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சிகள் சிறியவை, பகலில் பறப்பவை, தோற்றத்தில் குளவியை ஒத்தவை. இந்த வேடம் எதிரிகளின் கண்ணை ஏமாற்ற உதவுகிறது. அமெரிக்காவில் இக்குடும்பத்தின் இரு இனங்களுடைய புழுக்கள் பீச் மரங்களைத் துளைத்துச் சேதப்படுத்துகின்றன. 1974இல் டம்லின்சன் குழுவினர் இவ்விரண்டின் பெரோமோன்களையும் கண்டறிந்தனர். இரு மூலக்கூறுகளிலும் உள்ள அணுக்கள் ஒன்றே. ஓர் இரட்டைப் பிணைப்பின் வடிவ அமைப்பு மட்டுமே வேறு. இந்தச் சிறு வேறுபாடே, ஓர் இனத்தின் ஆண் மற்ற இனத்தின் பெண்ணை நாடாமல் தடுக்கிறது.

பயன்

செயற்கைப் பெரோமோன் வைத்த பொறிகளில் ஆண்கள் ஏராளமாகச் சிக்கின. அரியவை என்று கருதப்பட்ட சில இனங்கள் உண்மையில் கண்ணில் படாமல் வாழ்ந்தவையே என்பது அப்போது தெரிந்தது. தோட்டம் முழுவதும் இம்மணத்தைப் பரப்பி, ஆண்கள் பெண்களைக் கண்டடைய முடியாதபடி குழப்பும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. பூச்சிக்கொல்லித் தெளிப்பைக் குறைக்க இது உதவுகிறது.