பொதுப்பாதை யார் பணம்?

நடைபாதை, சைக்கிள் பாதை என்றதும், 'அது காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களின் விவகாரம், நமக்கென்ன' என்று நம் தோழர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வரலாறு தெரிந்தால் ஒதுங்க மாட்டோம். பொதுப்பாதைக்காக அடிபட்ட கால்கள் நம்முடையவை.

1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். வண்டியில் போனதே அன்று குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டமும் கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று. செப்டம்பரில் அது அரசாணை 2660 ஆக வந்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 1923இல், பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தையும் மாணவத் தோழர்கள் படிக்க வேண்டும். பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கும் நீர்நிலைகளும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்றது அது. 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு குளத்தில் இறங்கியபோது இந்தத் தீர்மானம் துணைக்கு இருந்தது. அதன் வாதம் எளிமையானது: பொதுப்பணம் போட்டால் அது எல்லாருக்கும் சொந்தம். யாருடைய இரக்கமும் இங்கே தேவையில்லை.

ஆனால் ஆணை தாளில் இருந்தது, தெருவில் சாதி இருந்தது. ஆதிக்கச் சாதித் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றி, சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டிய கொடுமை அதன்பிறகும் பல ஊர்களில் தொடர்ந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதியை உடைத்துப் பாதை திறக்க 2008 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பொது இடத்தில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும் செருப்பு போடுவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

இதே தமிழகத்தில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கியது. பிறகே மற்ற மாணவர்களுக்கும் போனது. சைக்கிள் கொடுத்தார்கள், சரி. அந்தப் பிள்ளை பயமில்லாமல் ஓட்டிப்போகப் பாதை எங்கே?

பாதைக்கும் இப்போது பணம் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2014இல் சென்னை மாநகராட்சி ஏற்ற கொள்கை, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் கேட்போம்: அந்த 8 கிலோமீட்டர் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவோடு நிற்கிறது? காலனி வாசலுக்கு வருகிறதா? விடியுமுன் துப்புரவு வேலைக்கு நடக்கிறவரும், ராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்டு முடித்து சைக்கிளில் திரும்புகிறவரும் உடம்பு இளைக்கப் போகவில்லை. வேறு வழியில்லாமல் போகிறார்கள். முதல் உரிமை அவர்களுக்கு.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது, 2021இல் புலிகள் காப்பகம் வந்தது. அங்கே பளியர் மக்களின் குடியிருப்பும் இருக்கிறது. காடு என்றால் பாதை கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2), கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைச் சாலைக்குத் தரலாம் என்கிறது.

ஆகவே தோழர்களே, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதைத் தீர்மானமாக வையுங்கள். நகரமென்றால் பகுதி சபையில் கேளுங்கள். நடைபாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தெருவில் செலவழித்தார்கள், காலனிக்கு எத்தனை மீட்டர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நூறாண்டுக்கு முன் நடக்க உரிமை கேட்டு வாங்கினோம். இப்போது நடக்கும் பாதைக்கான பணத்தில் நம் பங்கைக் கணக்கோடு கேட்போம்.

ஜெய் பீம்.