செடியைப் பார்த்து விதை எடுத்தவர்கள்



வீட்டுக் கொல்லையில் தக்காளி போடுகிற குடும்பங்களில், காய்ப்பு ஓய்கிற நேரத்தில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். அடுத்த தடவை எந்தத் தக்காளியைப் போடுவது? கூடையில் கிடப்பதில் ஆகப் பெரிய பழத்தை எடுத்து, "இதையே விதைக்கு வைப்போம்" என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் சொல்லுவார். சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்க நாட்டிலும் இதே வழக்கந்தான் இருந்தது. அந்த வழக்கத்தை மாற்றிய ஒரு விவசாயியைப் பற்றியும், அவருக்குப் பின் வந்த சிலரைப் பற்றியும் இன்று பேசலாம்.

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அதைத் தோட்டப் பயிராக வளர்த்துப் பக்குவப்படுத்தியவர்கள் மெக்சிகோவின் பழங்குடி மக்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்றது. நம் முன்னோர் அதைச் 'சீமைத்தக்காளி' என்று அழைத்ததிலிருந்தே அது கடல் கடந்து வந்த காய் என்பது விளங்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பலர் நெடுங்காலம் அதை நஞ்சு என்று நம்பி ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரேனால்ட்ஸ்பர்க் என்ற ஊரில் 1821ஆம் ஆண்டு பிறந்தவர் அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன். சிறு வயதில் தக்காளிப் பழத்தைப் பறித்துக்கொண்டு போனபோது, தின்னக் கூடாது என்று தாயார் எச்சரித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அக்காலத்துத் தக்காளி பார்வைக்கு அழகானதன்று. புடைப்பும் பள்ளமுமாக, உள்ளே பொந்து விழுந்து இருக்கும். ஒரே செடியில் ஒரு பழம் உருண்டை, இன்னொரு பழம் கோணல். வழுவழுப்பான பழம் வேண்டுமென்று லிவிங்ஸ்டன் பல ஆண்டுகள் பாடுபட்டார். நல்ல பழங்களாகப் பொறுக்கி விதை எடுத்தார். மறு ஆண்டு பழைய கோணல் பழங்களே காய்த்தன.

ஒரு நாள் வயலில் நடக்கையில், மற்றவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு செடியைக் கண்டார். அதன் பழங்கள் சிறியவை. ஆனால் ஒன்று தவறாமல் எல்லாமே உருண்டு, வழுவழுப்பாக இருந்தன. இங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. தேர்ந்தெடுக்க வேண்டியது பழத்தை அன்று, செடியை! அந்த ஒரு செடியின் விதையைத் தனியே விதைத்தார். பிள்ளைகள் தாயைப் போலவே காய்த்தன. மேலும் சில ஆண்டுகள் நல்ல எருவிட்டு, சிறந்த செடிகளையே தெரிந்தெடுத்து வர, பழமும் பருத்தது. 1870ஆம் ஆண்டில் 'பாரகன்' என்ற பெயரில் அதை விற்பனைக்கு விட்டார். 1875இல் 'ஆக்மி' வந்தது. பின்னும் பல ரகங்களை அவர் குடும்பத்தார் வெளியிட்டார்கள்.

இதன் காரணம் எளிது. ஒரு செடியில் ஒரு பழம் மட்டும் பெரிதாவதற்குத் தண்ணீரோ, எருவோ, வெயில் பட்ட விதமோ காரணமாக இருக்கலாம். அது விதையில் இறங்காது. செடி முழுவதும் ஒரே மாதிரி காய்த்தால் அது பெரும்பாலும் பிறவிக் குணம். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், அந்தக் குணம் விதை வழியே தொடரும்.

லிவிங்ஸ்டன் விதை வியாபாரி. அடுத்து நாம் காண்பவரோ தொழிலாளி. மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த லோகன் என்ற ஊரில், மலையடிவாரத்தில் லோரிகளின் ரேடியேட்டர்களைப் பழுதுபார்த்து வந்தவர் பைல்ஸ். ஊரார் அவரை 'ரேடியேட்டர் சார்லி' என்றே அழைத்தார்கள். பயிர்க் கல்வி எதுவும் அவர் கற்றதில்லை. நடுவில் ஒரு தக்காளிச் செடியை வைத்து, சுற்றிலும் வட்டமாகப் பத்துச் செடிகளை நட்டார். சுற்றிலும் இருந்த பூக்களின் மகரந்தத்தைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் ரப்பர் பீச்சியால் எடுத்து நடுச்செடியின் பூக்களில் சேர்த்தார். கிடைத்த கன்றுகளில் சிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இதையே ஆறேழு பருவம் செய்தார். 1940களில் ஒரு கன்று ஒரு டாலர் என விற்றார். அந்நாளில் அது சிறிய தொகையன்று. ஆயினும் 200 மைல் தூரத்திலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கினார்கள். வீட்டின் மேலிருந்த 6,000 டாலர் அடமானக் கடன் ஆறு ஆண்டுகளில் தீர்ந்தது. அதனால் அந்த ரகத்துக்கு 'மார்ட்கேஜ் லிஃப்டர்', அதாவது 'அடமானம் மீட்டது' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1949இல் 'பிக் பாய்' என்ற கலப்பினத் தக்காளி வந்தது. கலப்பின விதைகள் நிறையக் காய்த்தன, பல நோய்களையும் தாங்கின. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். விதை எடுக்கும் பழக்கம் வீடுகளில் குறைந்தது. பழைய ரகங்கள் பல மறைந்தன. 1975ஆம் ஆண்டில் ஓர் இளம் தம்பதியர் இதைத் தடுக்க முனைந்தார்கள். மனைவியின் தாத்தா, தம் குடும்பத்தார் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கொண்டுவந்த தக்காளி விதையையும் ஒரு பூங்கொடி விதையையும் அவர்களிடம் கொடுத்திருந்தார். தாத்தா மறைந்ததும் அந்த விதை அவர்கள் கையில் மட்டுமே மிஞ்சியது. அதிலிருந்து பிறந்ததுதான் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்னும் விதைப் பரிமாற்றச் சங்கம்.

இனி நம் கொல்லைக்கு வருவோம். பெயர் பெற்றது என்பதற்காகப் பெரிய பழ ரகங்களைத் தேட வேண்டாம் என்பதே என் கருத்து. இரவிலும் புழுக்கம் குறையாத தாழ்நிலத்தில் அவை பூத்துப் பூத்து உதிரும். கேமரன் மலையின் குளிரில் கதை வேறு. சிறு பழ ரகங்களே நமக்குத் தோதானவை. கத்தரி, மிளகாய் வாடிச் செத்த மண்ணில் தக்காளியை நடாதீர்கள். அதே வாடல் நோய் இதையும் பிடிக்கும். மற்றவை வாடியபோதும் நின்று, ஒரே சீராகக் காய்த்த செடி எதுவென்று பாருங்கள். அதன் தண்டில் இப்போதே ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் பறித்துவிடாமல் இருக்கட்டும். நன்கு கனிந்த பழத்தின் சதையை விதையோடு ஒரு குவளையில் இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அலசி, அடியில் தங்கும் விதைகளைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஈரம் படாமல் மூடி வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் முளைக்கும். உறையின் மேல் ஆண்டையும், எந்தச் செடியில் எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள்.