கிரகணமும் கத்தியும்: பிளந்த உதட்டின் வரலாறு



உதடு பிளந்து பிறந்த பிள்ளையின் தாயிடம் நம் ஊரில் முதலில் கேட்கும் கேள்வி, “கிரகணத்தன்னிக்கு கத்தி புடிச்சியா?” என்பதுதான். லயத்திலும் கேட்கிறார்கள், எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் கேட்கிறார்கள். அந்தத் தாய் பதில் தெரியாமல் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடுகிறாள். ஆசிரியர்களாகிய நாங்கள் அப்படி வளர்ந்த பிள்ளையைக் கடைசி வாங்கில், கையால் வாயை மறைத்தபடி காண்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. மெக்சிகோவிலும் கிரகணம்தான் காரணம் என்றார்கள். ஆனால் அங்கே கர்ப்பிணிகள் காவலுக்காகக் கத்தியையோ இரும்பையோ உடம்போடு வைத்துக்கொண்டார்கள். நாம் எதை விலக்கினோமோ, அதையே அவர்கள் காப்பு என்றார்கள். ஐரோப்பாவில் முயல் குறுக்கே போனதுதான் காரணம் என்றார்கள்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். இதை அறிந்த நாமும் தாயைக் குற்றம் சொல்கிறோமே!

உண்மையில் என்ன நடக்கிறது? சுவிட்சர்லாந்தில் பிறந்த வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்றியலாளர், மனித முளையங்களை மெல்லிய துண்டுகளாகச் சீவி, பெரிதாக்கி வரைந்து, 1880 முதல் 1885 வரை நூலாக வெளியிட்டார். முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. நான்காம் வாரத்தில் வாய்க்குழியைச் சுற்றி ஐந்து புடைப்புகள் இருக்கும்: மேலே ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. இவை நகர்ந்து வந்து ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஏழாம் வார முடிவுக்குள் மேலுதடு ஒட்டிவிடும். அண்ணத்தின் இரு பக்கத் தட்டுகளும் நாக்குக்கு மேலே உயர்ந்து, 12ஆம் வாரமளவில் இணையும். எங்கே ஒட்டாமல் போகிறதோ, அங்கே பிளவு.

கணக்கைப் பாருங்கள். பல தாய்மார் கிளினிக்கில் பெயர் பதியும் முன்பே உதடு ஒட்டி முடிந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம் அதை எப்படிப் பிளக்கும்? 2019 டிசம்பர் 26 கிரகணத்தை நாடு முழுவதும் கண்டது. கிரகணமே இல்லாத மாதங்களிலும் இந்தக் குறையோடு பிள்ளைகள் பிறக்கிறார்கள். உலகில் ஏறத்தாழ 700 பிள்ளைகளில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலும் பரம்பரையும் சூழலும் சேர்ந்தே காரணமாகின்றன. புகைத்தலும் சில மருந்துகளும் ஆபத்தைக் கூட்டும். கத்தி பிடித்தது காரணமல்ல.

கத்தி உண்மையில் மருந்தாகியிருக்கிறது. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன், சீனாவில் வெய் யோங்சி என்ற இளைஞரின் பிளந்த உதட்டை வைத்தியர் வெட்டித் தைத்தார். 100 நாள் கஞ்சி மட்டும்; பேச்சும் சிரிப்பும் கூடாது. பிறகு அவர் ஒரு மாகாணத்துக்கே ஆளுநரானார்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சிறு வயதில் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு, வளர வளர மேல்தாடை உள்வாங்குவதை மருத்துவர்கள் கண்டார்கள். காரணம் பிளவா, சிகிச்சையா? இங்கிலாந்தில் எல்லோருக்கும் சிறு வயதிலேயே சிகிச்சை நடந்ததால் ஒப்பிட ஆளில்லை. 1980களில் லண்டன் மருத்துவர் மைக்கேல் மார்ஸின் குழு காலிக்கு வந்தது. சிகிச்சையே கிடைக்காமல் பெரியவர்களானவர்களை இங்கே கண்டார்கள். அவர்களுடைய மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. இந்த முடிவு 1990இல் வெளியானது. வளரும் ஆற்றல் அந்தப் பிள்ளைகளிடம் குறையவில்லை. சிகிச்சைத் தழும்புதான் வளர்ச்சியைத் தடுத்தது. உலக மருத்துவர்கள் தங்கள் முறைகளைத் திரும்பிப் பார்க்க இது உதவியது.

அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அண்ணம் மூடாமல் வளர்ந்தவர்களின் பேச்சு மிகவும் பாதிக்கப்பட்டிருந்தது. உதட்டைப் பொதுவாக முதல் ஆறு மாதங்களுக்குள்ளும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணமில்லை. பால் குடிக்கச் சிரமப்பட்டால் அன்றே மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை அப்படியொரு பிள்ளையைப் பார்க்கப் போனால், கத்தியைப் பற்றிக் கேட்காதீர்கள். “கிளினிக்குக்கு எப்ப போறீங்க, துணைக்கு வரவா?” என்று கேளுங்கள்.