ஆய்வகங்களுக்கு இடையேயான ஒப்பீட்டாய்வு

ஆய்வகங்களுக்கு இடையேயான ஒப்பீட்டாய்வு என்பது ஒரே பொருளின் மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தரும் முடிவுகளை ஒப்பிட்டு, அளவீட்டின் தரத்தை அறியும் முறையாகும். முடிவுகளை அட்டவணையில் எவ்வாறு பதிவது என்பதும் இம்முறையின் வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

தொடக்கம்

1947ஆம் ஆண்டு பெல்க், சண்டர்மேன் ஆகிய இருவரும் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஒரே வகை மாதிரிகளை அனுப்பிப் பெற்ற முடிவுகள் அதில் இருந்தன. ஏற்கத்தக்க முடிவுகளைவிட ஏற்கத்தகாதவையே மிகுந்திருந்தன. நோயாளிக்குத் தரப்படும் மருந்தின் அளவு இத்தகைய எண்களைப் பொறுத்தே அமைவதால் இது கவலைக்குரியதாயிற்று.

யூடன் வரைபடம்

அமெரிக்கத் தேசியத் தர அளவைகள் செயலகத்தில் பணியாற்றிய டபிள்யூ. ஜே. யூடன் 1959இல் எளிய வழி ஒன்றைக் காட்டினார். ஏறத்தாழ ஒத்த இரு மாதிரிகளை ஒவ்வோர் ஆய்வகமும் அளக்க வேண்டும். முதல் முடிவு கிடை அச்சிலும், இரண்டாவது முடிவு செங்குத்து அச்சிலும் குறிக்கப்படும். பிழைகள் தற்செயலானவை மட்டுமே என்றால் புள்ளிகள் நான்கு கால்பகுதிகளிலும் சமமாகப் பரவும். நடைமுறையிலோ அவை மேல் வலப்புறமும் கீழ் இடப்புறமும் குவிந்தன. ஒரு மாதிரியில் கூட்டிச் சொல்லும் ஆய்வகம் மற்றதிலும் கூட்டியே சொல்கிறது என்பது இதனால் விளங்கியது. இது முறைசார் பிழையாகும்.

மாண்டலின் அளவைகள்

அதே செயலகத்தைச் சேர்ந்த ஜான் மாண்டல் எச், கே என்னும் இரு அளவைகளை உருவாக்கினார். ஓர் ஆய்வகத்தின் சராசரி பிற ஆய்வகங்களிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை எச் காட்டுகிறது. அதே ஆய்வகத்தின் மறு அளவீடுகள் தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கே காட்டுகிறது. 1994இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 5725 தரநிலையின் இரண்டாம் பகுதியிலும் இவை இடம்பெற்றுள்ளன.

கணினியில் தரவு

ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு நிரை ஒதுக்கப்படுகிறது. அளவு, மறு அளவீட்டு எண், பொருள், ஆய்வகம் என நான்கு நிரல்கள் இருக்கும். அமெரிக்கத் தரநிலையான இ 691இல் உள்ள குளுக்கோசு எடுத்துக்காட்டில் 8 ஆய்வகங்கள் 5 பொருள்களை மும்முறை அளந்தன. எனவே 120 நிரைகள்.

சராசரியை மட்டும் பதிந்தால் நிரைகள் 40 ஆகக் குறையும். ஆனால் கே அளவையைக் கணக்கிட வழியிராது. ஆய்வக எண்ணை அளவாக அன்றி வெறும் அடையாளமாகவே மென்பொருளுக்கு அறிவிக்க வேண்டும். அலகும் ஒன்றாக இருத்தல் வேண்டும். டெசிலிட்டருக்கு 99 மில்லிகிராம் குளுக்கோசும் லிட்டருக்கு 5.5 மில்லிமோலும் ஒன்றே. மாற்றாமல் கலந்தால் சரியாக அளந்த ஆய்வகமும் தவறியதாகத் தோன்றும். விலகி நிற்கும் எண்ணைக் காரணம் அறியாமல் நீக்குதலும் கூடாது. கண்டறிய வேண்டிய பிழை அதில்தான் இருக்கக்கூடும்.

இந்தியாவில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகங்களுக்கான இத்தகைய புறத் தர மதிப்பீட்டுத் திட்டத்தை நடத்தி வருகிறது.