ஓர் அரங்கும் இரு பெயர்களும்

மக்கள் திரளும் இடத்திற்கு எவர் பெயரைச் சூட்டுவது என்பதை ஆள்வோரே முடிவு செய்கின்றனர். அப்பெயர் நிலைப்பதும் மறைவதும் மக்கள் கையில் உள்ளது. மொராக்கோவின் காஸாபிளாங்கா இதற்குச் சான்று. அரபு மக்கள் இந்நகரைத் ‘தாருல் பைளா’, அதாவது வெள்ளை இல்லம் என்பர்.

அல்ஜீரியாவில் 1916இல் பிறந்து இந்நகரில் வளர்ந்தவர், பிரெஞ்சுக் குத்துச்சண்டை வீரர் மார்ஸெல் ஸெர்தான். 1948 செப்டம்பரில் அமெரிக்கரான டோனி ஸேலை வீழ்த்தி, நடுத்தர எடைப் பிரிவில் உலக வாகை சூடினார். மறு ஆண்டே பட்டம் கைநழுவியது. அதை மீட்க அமெரிக்கா செல்லும் வழியில், 1949 அக்டோபரில் அஸோர்ஸ் தீவில் விமானம் மோதி மாண்டார். வயது 33.

1955 மார்ச்சில், பிரெஞ்சு ஆட்சியின்கீழ் அந்நகரில் திறக்கப்பட்ட பெரிய விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்கியது. அவ்வேளையில் நாட்டின் ஸுல்தான் ஐந்தாம் முஹம்மது எங்கிருந்தார்? 1953 ஆகஸ்டில் அதே ஆட்சியினரால் அரியணையிலிருந்து அகற்றப்பட்டு, தொலைவிலுள்ள மடகாஸ்கரில் நாடு கடந்து வாழ்ந்தார். 1955 நவம்பரில் அவர் தாயகம் திரும்பினார். 1956 மார்ச்சில் நாடு விடுதலை பெற்றது. அரங்கிலிருந்து வீரரின் பெயர் நீங்கியது. பின்னாளில் ஸுல்தானின் பெயரே அதற்கு வாய்த்தது.

வீரர்மீது குற்றமில்லை. தம் கைவலிமையால் அவர் ஈட்டிய புகழ் அவருக்கே உரியது. ஆயின், மண்ணின் மைந்தரைக் கேளாது அந்நியர் சூட்டிய பெயர், அவர்தம் ஆட்சியோடு அகன்றுவிட்டது.